வாழை நிழலில் வைத்த குரோட்டன்

புத்தூர் வெய்யிலைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அதிலே பிறந்து, அதிலே காய்ந்தவள் நான். அப்படிப்பட்ட என்னையே ஒரு குரோட்டன் கன்று ஊர் சிரிக்க வைத்தது.

அப்போது எனக்குக் கலியாணமான புதிது. கண்டியில் உத்தியோகம் பார்த்த என் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது, தகரப் பேணியில் அந்தக் கன்றைக் கொண்டுவந்தார். இலையெல்லாம் சிவப்பும் மஞ்சளும். (என் கூறைச்சேலை கூட அப்படி மினுங்கவில்லை.)

"வருசப்பிறப்புக்கு அண்ணையாக்களைக் கூட்டிக்கொண்டு வருவன். வடிவாய்ப் பாத்துக்கொள்ளும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

குளிர் தேசத்துப் பிள்ளை, எங்கள் வெய்யிலில் கருகிப்போகாதா? கிணற்றடி வாழை நிழலில் பதமாக நட்டு, கண்ணூறு படாமல் தண்டில் கறுப்புத் துணியும் கட்டினேன். ஒரு கிளையை முறித்து, வேலிப் பொட்டால் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவுக்கும் கொடுத்தேன். (பொட்டு என்றால், பெண்கள் போய்வரத் தென்னோலைக் கிடுகு வேலியில் விட்டிருக்கும் ஓட்டை. உப்புக்கும் நெருப்புக்கும் ஊர்க்கதைக்கும் அதுதான் றோட்டு.) விசரி, அதை நடுமுற்றத்துக் கொளுத்தும் வெய்யிலில் ஊன்றினாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

வருடப்பிறப்புக்கு அவரும் தமையன்மாரும் வந்து இறங்கினார்கள். என் கன்று பச்சைப்பசேலென்று நின்றது.

"இஞ்சேரும், உது நான் தந்த குரோட்டன் கண்டோ? இல்லாட்டிச் சமைக்கிறதுக்குக் கீரை போட்டனீரோ?"

தமையன்மார் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வேலிக்கு அங்கால் பொன்னம்மாவின் கன்று குங்குமமாய் எரிந்தது.

"எடி கள்ளி! என்ரை கண்டை மாத்திப்போட்டியேடி!"

"எனக்கென்ன விசரே? நீ முறிச்சுத் தந்த கொப்புத்தானடி இது!"

நான் கேட்டால்தானே! பொட்டை என் கையாலேயே கிடுகு வைத்து இறுக்கிக் கட்டினேன். வந்தவர்கள் குலை முற்றிய வாழையை வெட்டிப் பழுக்கப் போட்டுவிட்டுப் போனார்கள். அதன்பிறகு கதைக்க ஆளில்லாமல் நான் கிணற்றோடு கதைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் பார்த்தால், கன்றின் நுனியில் சிவப்பு! 'பயந்துபோய்த் திருப்பி வைச்சிட்டாள்' என்று வெற்றிச் சிரிப்போடு கிட்டப் போனேன். தண்டில் நான் கட்டிய அதே கறுப்புத் துணி. கீழ் இலை பச்சை, மேல் இலை சிவப்பு. அண்ணாந்து பார்த்தேன். வாழை நின்ற இடத்தால் வெய்யில் முகத்தில் அறைந்தது.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. கிடுகைப் பிரித்துத் தலையை மட்டும் நீட்டினேன்.

"பொன்னம்மா, கொஞ்சம் கறிவேப்பிலை தாறியே?"

அவள் என் தலைக்கு மேலால் எங்கள் வளவுக் கறிவேப்பிலை மரத்தை எட்டிப் பார்த்தாள்.

"உனக்குப் பின்னாலை நிக்கிறது என்ன மரமடி? உதையும் நான் மாத்திப்போட்டனோ?"

இப்போது என் மூக்குக்கண்ணாடி காணாமல் போனால் பேரப்பிள்ளைகள் தேடுவதே இல்லை. பொட்டடியில் போய் நின்று, "பொன்னம்மா ஆச்சி, மாத்தினதைத் தாங்கோ!" என்று கத்துவார்கள்.

அவளும் விடமாட்டாள். "முதலிலை உங்கடை ஆச்சியைக் கொஞ்சம் வெய்யிலிலை வைச்சுப் பாருங்கோ!"