சும்மா இருக்கும் திரை

"முப்பத்தோரு புகார்," என்றார் மேலாளர். "ஒரே வாரத்துல. அதுவும் நூலகத்துல புத்தகம் தேடற ஒரு திரைக்கு."

பொத்தான் தலையைச் சொறிந்துகொண்டார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. திரையில் பொத்தான்களை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதே இருபது வருடமாக அவர் பிழைப்பு என்பதால், ஆபீசில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"மாசக் கடைசிக்குள்ள புகார் நிக்கணும். இல்லன்னா அந்தத் திரையை வேற கம்பெனி பாத்துக்கும். உங்களை நீங்கதான் பாத்துக்கணும்."

வேலை போய்விடுமே என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, அது அவர் சின்ன வயதில் சனிக்கிழமை தவறாமல் போன நூலகம். அப்போது திரை ஏது? கவுன்ட்டரில் கண்ணாடியம்மா இருப்பார். தடித்த கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். நாம் வாயைத் திறப்பதற்குள் புத்தகம் மேஜைக்கு வந்துவிடும். தாவோ என்ற சீனத் தத்துவம் பற்றிய மெல்லிய பச்சை அட்டைப் புத்தகம் பொத்தான் கைக்கு வந்ததும் அப்படித்தான். தலையிடாதே, தானாக நடக்க விடு என்றது புத்தகம். பதினாறு வயதில் ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது அதை எடுத்துப்போய்ப் படிக்கும் வழக்கம் இன்னும் விடவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். "பதினாலு பொத்தான் ரொம்ப அதிகம். குறைக்கப் போறேன். தாவோல சும்மா இருக்கறதுதான் பெரிய வேலை."

"அதுக்கு ஒரு புத்தகமா?" என்றாள் மனைவி. "லீவு நாள்ல நீங்க படிக்காமலே பண்றீங்களே."

பதினாலு ஏழானது. புகார் நாற்பதானது. காணாமல்போன ஏழும் எங்கே என்று எல்லாரும் தேடினார்கள்.

ஏழு ஒன்றானது. நடுவில் ஒரே ஒரு வட்டம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "அழுத்தினால் என்ன ஆகும் என்று யாராவது முதலில் சொல்லுங்கள்" என்று எழுதிப் போட்டார். குழந்தைகளுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. காலிங் பெல் என்று நினைத்து அழுத்தித் தள்ளின.

வட்டத்தையும் எடுத்தார். எதிரே நிற்பவருக்கு என்ன வேண்டும் என்பதைத் திரையே ஊகித்துக்கொள்ளும்படி செய்தார். ஷூ லேஸ் கட்டக் குனிந்த பெரியவருக்கு யோகாசனப் புத்தகம் முன்னூறு வந்தது. கைக்குழந்தையோடு வந்த பெண்ணுக்கு, குழந்தையின் அழுகையைக் கேட்டுவிட்டு, துக்கத்தைத் தாங்குவது எப்படி என்று நாற்பது. புகார் அறுபத்திரண்டு.

"பொத்தான், இன்னும் பத்து நாள்தான் இருக்கு," என்றார் மேலாளர்.

"பயந்து பயந்து குறைச்சதுதான் சார் தப்பு. முழுசா குறைக்கணும்."

"இனிமே குறைக்க என்னய்யா இருக்கு?"

"வெளிச்சம்."

திங்கட்கிழமை காலை புதிய திரையை அவரே போய் மாட்டிவிட்டு வந்தார். யாராவது புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மெல்லிய குரலில் பதில் சொல்லும். மற்ற நேரமெல்லாம் கறுப்பாகச் சும்மா இருக்கும்.

ஒரு வாரம் ஆனது. புகார் ஒன்றுகூட இல்லை. மேலாளர் நம்பாமல் நூலகத்துப் புகார்ப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். பாராட்டுக் கடிதங்கள்தான் விழுந்தன.

"கேளுங்க," என்று ஒன்றை வாசித்தார். "'கேட்ட உடனே பதில். போன தடவை பாதியில் விட்ட புத்தகம் வரைக்கும் ஞாபகம். பழைய நாட்கள் திரும்பி வந்த மாதிரி இருந்தது.' எழுதினது அந்த வாத்தியார்தான்."

"ஞாபகம் வச்சுக்கற மாதிரி நான் எதுவும் பண்ணலையே சார்."

"நீங்க பண்ணலைன்னா அதுவே கத்துக்கிச்சு. உங்க தாவோ அதானே?"

மேலாளர் கை குலுக்கினார். நாற்பது நூலகங்களுக்கு இதே திரை என்று அன்றைக்கே முடிவாயிற்று.

சனிக்கிழமை, கதவு திறந்ததும் பொத்தான் நூலகத்துக்குப் போனார். இன்னும் யாரும் வரவில்லை. அலமாரிகள் மேல் ஜன்னல் வெயில் விழுந்திருந்தது. அதே பழைய காகித வாசனை. கண்ணாடியம்மா உட்கார்ந்திருந்த கவுன்ட்டர் பக்கத்தில்தான் திரை இருந்தது. கறுப்புக் கண்ணாடியில் அவருடைய வழுக்கை தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க பண்ணதை நானும் பண்ணிட்டேன்மா," என்று மெல்லச் சொன்னார்.

திரை பதில் பேசவில்லை. கேள்வி கேட்டால்தானே பேச வேண்டும், எவ்வளவு அடக்கம் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி."

கண்ணாடியம்மா காலத்திலிருந்து அங்கே தரை துடைக்கும் அக்கா, துடைக்கும் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். "உங்க பச்சை அட்டைப் புத்தகம் கிழிஞ்சிருந்துச்சு. ஒட்டி கவுன்ட்டர்ல வச்சிருக்கேன், எடுத்துக்கங்க."

அவர் அந்தப் புத்தகத்தைக் கேட்கவே இல்லை. ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

"அக்கா, ஜனங்க இந்தத் திரைகிட்ட எப்படிப் பேசறாங்க?"

"அதுகிட்ட யாரு பேசறா?" என்றார் அக்கா, மிஷினின் ஒயரை எடுத்துக்கொண்டே. "நீங்க மாட்டிட்டுப் போன அன்னிக்கே, இதுக்குப் பிளக் வேணும்னு அதைப் பிடுங்கிட்டேன், வர்றவங்க என்கிட்டதான் கேக்கறாங்க."