முப்பது அடிக் கிணறு

கிண்ணியா,
திங்கட்கிழமை.

அன்பும் கண்ணியமும் மிக்க மச்சான் முனீப் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் அருளால் இங்கே நானும் உங்கள் தங்கை ஸல்ஹாவும் மகள் பஸ்மியாவும் சுகம். மூதூரில் நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்கத் துஆச் செய்கிறோம். நேற்றிலிருந்து என் அழைப்பு எதையும் நீங்கள் எடுக்காததால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இதைக் கையெழுத்துப் போடாமல் வாங்க ஏலாது.

வெள்ளம் வடிந்த கையோடு சுகாதாரப் பரிசோதகர் கோணேஸ்வரன் வீடு வீடாக வந்து கிணறுகளுக்குக் குளோரின் தூள் கொடுத்தார். நல்ல பிள்ளை. தண்ணீர் எத்தனை அடி நிற்கிறதென்று பார்த்து, அதற்கேற்பத் தூள் அளக்க வேண்டுமாம். கல் கட்டிய கயிறு ஒன்றை எடுத்தார்.

"கயிறு என்னத்துக்குத் தம்பி? முப்பது அடி. விளிம்பு வரைக்கும் தண்ணி நிக்குது" என்றேன்.

"இந்த மணல்ல முப்பதா? நானா, எதுக்கும் போட்டுப் பாப்பம்" என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் மாப்பிள்ளையாக வந்த அன்று, இதே கிணற்றுக் கட்டில் கையை வைத்து, "முப்பதடி மச்சான், நானே பக்கத்துல நிண்டு வெட்டுவிச்சது" என்று சொன்னது யார்? வீடும் கிணறும் பெண் வீட்டார் தருவது நம் வழக்கம். தந்ததை அளந்து பார்ப்பது மரியாதைக்காரன் செய்கிற வேலையா? முப்பத்தொரு வருடம் அளக்காதவன், ஒரு அரசாங்கக் கயிற்றுக்காக உங்கள் வாக்கைச் சந்தேகிப்பேனா? முப்பது என்றே எழுதுவித்தேன். அவரும் அந்தக் கணக்குக்குத் தூளைக் கரைத்து ஊற்றி, ஒரு நாள் அள்ளாமல் இருந்து, பிறகு மணம் போகும் மட்டும் அள்ளிக் கொட்டிவிட்டுப் பாவிக்கச் சொல்லிப் போனார்.

ஒரு நாள் ஏழு நாளாயிற்று. வாளி வாளியாக அள்ளிக் கொட்டியும் மணம் போகவில்லை, ஸல்ஹா பொறுமையிழந்து தன் கறுப்பு அபாயாவை அந்தத் தண்ணீரில் ஊறப்போட அது செங்கல் நிறத்தில் வெளியே வந்தது, நான் அதில் கைகால் கழுவி வுழூச் செய்து பள்ளிவாசலுக்குத் தொழப் போனால் பக்கத்தில் நின்றவர் ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள் என்று கவலையோடு விசாரிக்கிறார், நம் கிணற்றுத் தண்ணீரில் போட்டால்தான் தேத்தண்ணி என்று இருபது வருடம் குடம் கொண்டு வந்த பக்கத்து வீட்டு நுஸ்ரத் இப்போது இரக்கப்பட்டு நமக்கு ஒரு குடம் அனுப்புகிறாள், அதையும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக் குடிக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை பஸ்மியாவைக் கேட்டிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்பது தாய்மாமனாகிய உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் கொடுக்கிற தேத்தண்ணியில் இந்த மணம் வந்தால், பிள்ளையின் கல்யாணப் பேச்சு முதல் கோப்பையோடு முடிந்துவிடும். எனக்கு நித்திரை இல்லை மச்சான்.

நேற்றுத் தெருமுனை நிப்றாஸின் தண்ணீர் மோட்டரைக் கொண்டுவந்து இறைத்தோம். முப்பது அடி இறைக்கப் பின்னேரமாகும் என்று நான் கதிரையைப் போட்டுப் பத்திரிகையோடு உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கம் முடியவில்லை, மோட்டர் காற்றை இழுத்துக் கத்தத் தொடங்கிவிட்டது.

"ஸைனுலாப்தீன் காக்கா, அடி வந்திட்டு" என்றான் நிப்றாஸ்.

அது அடியல்ல, நடுவில் கிடக்கிற கல் என்று நான் விளக்கினேன். அவன் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நின்று, ஒரு பிடி வெள்ளை மணலை அள்ளிக் காட்டினான். அளவு நாடா போட்டோம். பதினொரு அடி.

மிச்சம் பத்தொன்பது அடி எங்கே மச்சான்? கல்யாணப் பேச்சில் ஒன்றிரண்டு அடி கூட்டிச் சொல்வது உலக வழக்கம், அதை நான் பொறுப்பேன். பத்தொன்பது அடியை எப்படிப் பொறுப்பது? உங்கள் தங்கையிடம் நியாயம் கேட்டேன். "அடியில என்ன இரிக்கு? முப்பத்தொரு வருசம் குடிச்சீங்களே, ஒரு கோடைக்காவது வத்தினதா?" என்று என்னையே கேட்கிறாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை வந்தவுடன் நீங்கள் நேரே கிணற்றடிக்குப் போய், எல்லாருக்கும் முன்னால், பதினொரு அடிதான் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை உங்களோடு எனக்குக் கதை இல்லை.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் சரியான அளவு நாடா ஒன்றையும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் வாக்கை நம்பிய மச்சான்
ஸைனுலாப்தீன்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் பஸ்மியா ஒன்றை நினைவூட்டினாள். போன மாதம் மாப்பிள்ளை வீட்டாரிடம், கிணறு முப்பது அடி என்று நான் சொல்லியிருக்கிறேனாம். பக்கத்தில் நின்று வெட்டுவித்த மாமாவே சாட்சி என்றும் சொன்னேனாம். எனவே மேலே எழுதியதைக் கிணற்றடியில் வாய் திறக்க வேண்டாம். இறைத்தபின் புதிதாய் ஊறிய தண்ணீரில் இன்று ஒரு மணமும் இல்லை, நுஸ்ரத்தும் குடத்தோடு வந்துவிட்டாள். கோணேஸ்வரனை அன்றைக்குக் கயிற்றோடு இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் அன்றைப்போலவே கிணற்றுக் கட்டில் கையை வைத்து, முப்பதடி என்று சொன்னால் போதும். மாப்பிள்ளை நல்ல குடும்பத்துப் பிள்ளை. அளந்து பார்க்க மாட்டார்.