அரோகரா சிஸ்டர்

திருவண்ணாமலையில் அரோகரா சிஸ்டர் எழுப்பி நிறுத்தாதது மலை ஒன்றைத்தான். அது ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆபரேஷன் முடிந்து, டாக்டர் நடக்கலாம் என்றார். அப்பா மாட்டேன் என்றார். மறுபடி விழுந்துவிடுவோமோ என்று பயம். படுத்தே கிடந்தால் முதுகு புண்ணாகும், நெஞ்சில் சளி கட்டும், அப்புறம் ஆளே மிஞ்ச மாட்டார் என்று வார்டு நர்ஸான சிஸ்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அப்பா நெல் மூட்டை கனம். சிஸ்டரோ காற்றடித்தால் பிடித்து வைக்க வேண்டிய உடம்பு. நான் வீரமாக அப்பாவின் அக்குளில் கை கொடுத்தேன்.

"கைய எடுங்க சார். அவருக்குத் தோள் கழண்டுக்கும், உங்களுக்கு முதுகு பூடும். அப்புறம் நான் ரெண்டு கட்டில் பாக்கணும்."

அப்பாவைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, பாதங்களைத் தரையில் ஊன்றவைத்து, இடுப்பில் அகலமான பெல்ட் கட்டினார். தன் முட்டியை மடக்கி அவரோடு ஒட்டி நின்றார்.

"ஒண்ணு ரெண்டு மூணுன்னா ஆளாளுக்கு ஒரு நம்பர்ல எழுந்துக்கறாங்க. அதனால இங்க அரோகராதான். 'அரோ'ன்னா லேசா முன்னால சாயுங்க. 'கரா'ன்னா எழுந்துக்கங்க. தூக்கறது நான் இல்ல, நீங்கதான்."

"அரோ..." என்றார். மொத்த வார்டும் "கரா" என்றது.

அப்பா நின்றுகொண்டிருந்தார். கண்ணால் பார்த்தும் என்னால் நம்ப முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த சித்தப்பா படியேறிக்கொண்டிருந்தார். அவர் காதில் அரோகரா மட்டும் விழுந்தது. ஒரு ஆள் அரோகரா என்றால் கதை முடிந்தது என்றுதானே எங்கள் பக்கத்துப் பேச்சு. "அண்ணே, போயிட்டியா" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்து விழுந்தார்.

"எங்கடா போறது? இப்பத்தான் நிக்கவே ஆரம்பிச்சிருக்கேன்" என்றார் அப்பா.

சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அழுகைய அப்புறம் வெச்சுக்கலாங்க. அந்த வாக்கரை இப்படித் தள்ளுங்க."

சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தள்ளினார். அப்பா நடந்தார்.

அந்தக் கார்த்திகையில் வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மலை உச்சியில் தீபம் ஏறியதும் ஊரே அரோகரா போட்டது. லேசாக முன்னால் சாய்ந்து, யார் கையும் படாமல் அப்பா எழுந்து நின்றார். எல்லோரும் மலையைக் கும்பிட்டோம். அவர் மட்டும் மெல்லத் திரும்பி, ஆஸ்பத்திரி இருந்த பக்கம் பார்த்துக் கைகூப்பினார். அதைப் பார்த்துவிட்டு நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.