தெருக்குழாய் பற்றிய ஆழ்ந்த உரையாடல்

எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோனதும், முறைப்படி நகர மன்றத்துக்குப் போனேன். முதுகில் லசனா, இடுப்பில் ஃபூசேனி. இரட்டைப் பிள்ளை வைத்திருப்பவளுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒருவன் துணியை அலசிக் கொடியில் போடுவதற்குள் மற்றவன் ஆரம்பித்திருப்பான்.

நீர்ப் பிரிவு என்று எழுதியிருந்த கதவைத் தள்ளினால், உள்ளே சுவர் முழுக்க மெத்தைப் பஞ்சு ஒட்டியிருந்தது. மேஜைமேல் கம்பங்கதிர் மாதிரி இரண்டு மைக். அவற்றின் பின்னால், காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு, நீர்ப் பிரிவு அதிகாரி பகாரி ஜாரா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"தெனிம்பா த்ராவோரே வந்திருக்கேன்" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "வாடி, காராமணி தின்னி!"

"வந்துட்டேன்டா, காராமணி மூட்டைக்குப் பொறந்தவனே!"

இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஜாரா குலத்தாரும் த்ராவோரே குலத்தாரும் எங்கள் ஊரான தோனிபுகூவில் மட்டுமல்ல, மாலி முழுக்கக் கேலிமுறைக்காரர்கள். எதிரே பார்த்தால் திட்டியே ஆக வேண்டும்; திட்டாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. இன்னொரு விதியும் உண்டு. கேலிமுறைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்வது எதையும் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த விதியை மீறியவர் எங்கள் ஊரில் இதுவரை யாரும் இல்லை. அதுதான் வினையே.

"குழாய் ரிப்பேர்" என்றேன்.

"நீர்ப் பிரிவு இப்ப இல்ல. இது ஆழ்ந்த உரையாடல் பிரிவு."

தலைநகர் பமாக்கோவில் இப்போது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசாவிட்டால் அது பேச்சில் சேர்த்தியே இல்லையாம். இதைக் கைபேசியில் பார்த்த எங்கள் மேயர், மக்களின் குறைகள் தீராமல் இருப்பதற்குக் காரணம் அவை மேலோட்டமாகச் சொல்லப்படுவதே என்று கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து எந்தக் குறையானாலும் அரசியல், பண்பாடு, நம்பிக்கை, உளவியல் ஆகிய நான்கு கோணங்களிலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பேசப்பட்டு, ஊர் வானொலியில் ஒலிபரப்பாகும். பேச்சின் நடுவே தீர்வு காணக் கூடாது. தீர்வு ஆழத்தைக் கெடுத்துவிடும்.

"பேசவெல்லாம் நேரமில்ல. குழாய்க்காரர் சிரிமானை அனுப்பு, போதும்."

"சிரிமான் இங்கதானே இருக்காரு."

மூலையில் கம்பிகளுக்கு நடுவே ஒருவர் குந்தியிருந்தார். எங்கள் ஊரின் ஒரே குழாய்க்காரர் சிரிமானேதான். இடுப்பில் ஸ்பேனர் அப்படியே தொங்கியது.

"அண்ணே, இங்க என்ன பண்றீங்க?"

"ஒலிப்பதிவும்மா. எங்கயாவது கசியுதான்னு பாக்கணும். அதே வேலதான்."

"எங்க தெருக்குழாய்?"

"வாஷர் போயிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை."

"அப்ப வாங்க!"

"அஞ்சு நிமிஷ வேலைக்கு இப்ப அனுமதி இல்லம்மா. மூணு மணி நேரத்துக்குக் கம்மியா எதையும் தொடக் கூடாதுன்னு உத்தரவு."

வேறு வழியில்லாமல் ஃபூசேனியை மேஜைமேல் இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். சிகப்பு விளக்கு எரிந்தது. பகாரி குரலைக் கிணற்றுக்குள் இறக்கினார்.

"அரசியலிலிருந்து தொடங்குவோம். குழாயில தண்ணி வராததால ஆதாயம் அடையறது யாரு?"

"தண்ணி வண்டிக்காரர்."

பகாரி கொஞ்சம் இருமினார். "இந்த நிகழ்ச்சிய உங்களுக்கு வழங்குபவர் தண்ணி வண்டிக்காரர். நாம பண்பாட்டுக்குப் போயிடுவோம். தலையில குடத்தோட ஆத்துக்குப் போற பொண்ணு நடக்கற நடை இருக்கே, குழாய் வந்துட்டா அந்த நடை என்ன ஆகும்?"

"நீ ஒரு வாரம் நடந்து காப்பாத்துடா."

"நம்பிக்கைக்கு வருவோம். தண்ணி இல்லாத இடத்துல தொழுகைக்கு முன்னால மண்ணைத் தொட்டு ஒளு செய்ய மார்க்கத்துல இடம் இருக்கு. இதுல நமக்கு ஒரு சேதி இருக்கா இல்லையா?"

"இருக்கு. பிள்ளைங்க பீத்துணியையும் மண்ணுல அலசலாமான்னு இமாம்கிட்ட கேட்டுச் சொல்லு."

ஃபூசேனிக்கு அப்போது என்ன தோன்றியதோ, மேஜைமேல் நின்றபடியே பெய்துவிட்டான். கம்பியெல்லாம் நனைந்தது. சிரிமான் பாய்ந்து வந்து துடைத்தார். பகாரி அசையவில்லை.

"நேயர்களே, இங்க ஒரு நீரோட்டம் ஏற்பட்டிருக்கு. இது நம்மள நேரா உளவியலுக்குக் கொண்டுபோகுது. தெனிம்பா, குழாய்க்கு ஏன் மனசு மூடிப்போச்சு? யாராவது அதுகிட்ட அன்பா ரெண்டு வார்த்த பேசினீங்களா?"

என் பொறுமை அங்கே அறுந்தது. "டேய் காராமணி தின்னி! உன் கம்பிய விடச் சொல்லி அந்த மனுஷனை இப்பவே அனுப்பு. நாளைக்கு என் குழாயில தண்ணி வரணும்!"

"வரும்டி!" என்று அவரும் கத்தினார். "ஜாரா சொல்றேன், சிரிமானை அனுப்புறேன், நாளைக்கு உன் குழாயில தண்ணி வரும்!"

வெளியே வானொலி கேட்டுக்கொண்டிருந்த ஊரே சிரித்தது. சந்தையில் ஒருத்தி சிரித்த சிரிப்பில் தக்காளிக் கூடையே கவிழ்ந்ததாம். ஜாரா ஒருவன் த்ராவோரே ஒருத்திக்கு வாக்குக் கொடுக்கிறான்! சிரிமான் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து பகாரி மெதுவாகச் சொன்னார்: "நான் நெஜமாத்தான் சொன்னேன், தெனிம்பா."

அதற்கும் சிரித்தேன். முறை முறைதானே.

மறுநாள் தண்ணீர் வரவில்லை. யாருக்கும் ஏமாற்றமும் இல்லை. நான் மறுபடி ஆற்றுக்கு நடந்தேன். ஆனால் போகிற வழியெல்லாம் ஒரே பாராட்டு. "நீதானே அந்தத் தெனிம்பா? இமாம்கிட்ட கேட்டாச்சா?" மீன் விற்கிறவள் ஒரு மீன் சேர்த்துப் போட்டாள். எனக்குக் குடம் கனக்கவில்லை. நேயர்கள் வேண்டிக்கொண்டதால் உரையாடல் மறு ஒலிபரப்பாகும், இடையிடையே பகாரி நேரலையில் விளக்கம் தருவார் என்று அறிவித்தார்கள்.

மறு ஒலிபரப்பு நாளன்று காலையில் எங்கள் தெருவே மாமரத்தடியில் கூடிவிட்டது. தெரு முழுக்க த்ராவோரேக்கள். அடுப்பில் தேநீர் கொதிக்க, நடுவில் வானொலிப் பெட்டி, அதன் பக்கத்தில் நான். என் குரல் இவ்வளவு கணீரென்று இருக்கும் என்று எனக்கே அதுவரை தெரியாது. பிள்ளைகள் இருவரையும் மடியில் அமுக்கிக்கொண்டு, என் பேச்சை நானே தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பண்பாடு ஓடிக்கொண்டிருந்தபோது, தெருமுனை வீட்டுக் கஜாத்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரே ஜாரா வீட்டுப் பெண்.

"அடியே, தண்ணி வருதுடி! குழாய் பிச்சுக்கிட்டு ஊத்துது!"

மாமரத்தடி அதிர்ந்தது. என் மாமியார் பொக்கை வாய் தெரியச் சிரித்தார்.

"போடி காராமணி! போய் உன் புருஷன்கிட்ட சொல்லு" என்றேன்.

"சத்தியமாடி!"

"சத்தியம் வேற பண்றா பாரு!"

கஜாத்து தன் நனைந்த பாவாடையைத் தூக்கிக் காட்டினாள். அதற்கு நாங்கள் சொன்னதை எழுத முடியாது. அவளே சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு, சொன்னதை உண்மை என்று சாதிக்க அவளாலும் முடியவில்லை. ஒரு குடம் மட்டும் பிடித்து வைத்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

உளவியல் தொடங்குமுன் பகாரியின் குரல் நேரலையில் குறுக்கிட்டது. "தெனிம்பா, கேட்டுக்கிட்டு இருக்கியா? சிரிமானை நானே கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் உங்க குழாய சரி பண்ணிட்டேன். இப்ப தண்ணி ஓடுது. தயவுசெஞ்சு எழுந்து போய்ப் பிடிங்க."

'தயவுசெஞ்சு' என்றதுதான் உச்சம். ஜாரா வாயில் தயவு! என் நாத்தனாருக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. பகாரி மன்றாட மன்றாட நாங்கள் உருண்டோம். கடைசியில் அவர் அழுதேவிட்டார் என்று நினைக்கிறேன். அவ்வளவு நன்றாக எந்த ஜாராவும் நடித்து நாங்கள் கேட்டதில்லை.

ஒலிபரப்பு முடிந்து குடத்தோடு எழுந்து போனபோது, தெருவில் கணுக்கால் அளவு சேறு. குழாய் கடைசிச் சொட்டையும் விட்டு நின்றுபோயிருந்தது. மேல்நிலைத் தொட்டி காலி. நாளைக்காவது பிடிக்கலாம் என்று திரும்பினோம். மாலையே மேயரின் அறிக்கை வானொலியில் வந்தது: ஒரு காலை முழுவதும் தண்ணீர் ஓடியும் ஒருவரும் பிடிக்க வராததால், அந்தத் தெருவுக்குத் தண்ணீர்த் தேவை இல்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிறது, எனவே அந்த இணைப்பு துண்டிக்கப்படுகிறது, எனினும், தண்ணீரைப் புறக்கணிக்கும் மக்களின் மனநிலை குறித்து விரைவில் ஓர் ஆழ்ந்த உரையாடல் நடைபெறும்.

தெருவில் யாருக்கும் கோபம் வரவில்லை. அந்த உரையாடலுக்கு யார் போவது என்பதில்தான் சண்டை வந்தது. நான் அனுபவசாலி என்று வாதாடினேன்.

வாதம் சூடாக இருக்கும்போதே தண்ணீர் வண்டி வந்தது. கழுதை தள்ளாடுகிற அளவுக்கு டிரம்மெல்லாம் நிறைந்திருந்தது. காலையில் தன்னைத் தவிர எங்கள் குழாயடிக்கு வந்த ஒரே ஆள் இந்த வண்டிக்காரர்தான் என்று கஜாத்து சொன்னாள். அதையாவது நம்பினோம்.

"எங்க தெருத் தண்ணிய எங்களுக்கே விக்கிறியாடா, காராமணி தின்னி?" என்று கேட்டுப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் எங்களுக்கும் கேலிமுறை கிடையாது. விலையைச் சொன்னார். வரிசையில் நின்றோம்.