ஐஸ் கேட்ட ஜேர்மன்காரர்

ஆண்டவர் மனிதரைப் படைத்து எத்தனையோ இனமாகப் பரப்பிவிட்டார். எங்கள் சாவி அண்ணை அத்தனை பேரையும் இரண்டே பெட்டியில் அடுக்கி மூடிவிட்டார். ஒன்று ஜேர்மன், மற்றது அமெரிக்கன். இவ்வளவுக்கும் அப்போது அவர் அந்த இரண்டு நாட்டு மண்ணையும் மிதித்ததில்லை. இத்தாலியில், பலேர்மோ நகரின் கால்சாப் பக்கம், ஒரு சிஞ்ஞோராவுக்கு, அதாவது அந்த ஊர் அம்மாவுக்கு, சொந்தமான மூன்றாம் மாடி வீடு அவர் பொறுப்பில் இருந்தது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பது, அவர்கள் போனபின் கழுவித் துடைப்பது, இதுதான் வேலை. சாவிக்கொத்து எப்போதும் இடுப்பில் தொங்கும். பூசையில் எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்க முன்னமே இவர் முழங்காலிடுவார், இடுப்புச் சாவிக்கொத்து அந்த மணியை அடித்துவிடும்.

என் மனைவி பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளிடம், இறங்குவதற்குள் தன் மூன்று பிரசவத்தையும் சொல்லி முடிப்பவள். “தங்கச்சி சுத்த அமெரிக்கன்” என்பார் அண்ணை. “குறையாச் சொல்லேல்லைப் பிள்ளை. மனசைத் திறந்து வைச்சிருக்கிற சனம் அது.” பூசைக்கு அரை மணி முன்னமே போய் இருக்கிற நான் ஜேர்மன். புனிதர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

“சூசையப்பர் ஜேர்மன், தம்பி. வேதாகமம் முழுக்கத் தேடிப் பாரும், ஒரு சொல்லுக் கதைச்சிருக்க மாட்டார். சொன்ன வேலையைச் செய்தார். சீடரிலை மூத்த இராயப்பர் அமெரிக்கன். முதல் கதைப்பார், பிறகுதான் யோசிப்பார். ஆனா நெஞ்சு எவ்வளவு பெரிசு.”

கேட்டுக்கொண்டு நின்ற சுவாமியார், “அப்ப நான் ஆர்?” என்றார்.

“பிரசங்கத்திலை அமெரிக்கன், சுவாமி. கொஞ்சம் ஜேர்மனா மாறினால் நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டை போய்ச் சேருவம்.”

ஒருமுறை ஒரு ஜேர்மன் தம்பதி மூன்று மணிக்கு வருவதாக எழுதியிருந்தார்கள். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்து, கொளுத்துகிற வெயிலில் பெட்டியோடு கீழே நின்றார்கள். மணியை அழுத்தவில்லை. அண்ணையும் மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், இறங்கவில்லை. மேலே ஒரு மனிதர் வியர்க்க, கீழே இரண்டு பேர் வியர்க்க, சரியாக மூன்று மணிக்கு மணி அடித்தது. “பார்த்தீரே மரியாதையை? என்ரை நேரத்திலை பத்து நிமிசத்தைத் தொட மாட்டம் எண்டு நிண்டவை” என்று அண்ணை கண் கலங்கினார். அந்த ஆள் போகும்போது வீட்டில் உள்ள பதின்மூன்று குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒழுகுகிற குழாய்க்குப் படமும் கீறிக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணை அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். “அன்பில்லாதவன் குழாய்க்குப் படம் கீறுவானோ?”

அமெரிக்கர் வந்தால் ஐஸ். காலையில் ஐஸ், தண்ணீருக்கு ஐஸ், ஐஸுக்கு மேலே ஐஸ். ஒருநாள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஐஸ் தீர்ந்துபோய், கடலோரம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற எங்கள் ஆளிடம் ஒரு வாளி ஐஸ் வாங்கி வந்துவிட்டார். அன்று அவர்கள் குடித்த எலுமிச்சைச் சாற்றில் கட்டாயம் இறால் மணந்திருக்கும். ஆனால் அந்த அம்மா, இப்படி ஒரு அருமையான பானத்தைக் குடித்ததே இல்லை என்று அண்ணையைக் கட்டிப் பிடித்தாள். “ஜேர்மன்காரர் குறையை முதல் சொல்லுவினம், அமெரிக்கர் நிறையை முதல் சொல்லுவினம். ரெண்டும் வேணும் தம்பி, ஒருத்தனுக்கு.”

இனி என் கதைக்கு வருகிறேன். நான் பராமரித்துவந்த கிழவி சிஞ்ஞோரா கர்த்தருக்குள் நித்திரையானார். அவரோடு என் வேலையும் போனது. வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் இங்கே தங்குகிற அனுமதியை, அதுதான் பெர்மெசோவை, புதுப்பிக்க முடியாது. மூன்று பிள்ளைகள். அண்ணை தன் சிஞ்ஞோராவிடம், அந்த வீட்டில் எனக்கும் ஒரு வேலை தரும்படி கெஞ்சினார். “ஒரு மாதம் பார்க்கிறேன். விருந்தினர் ஒருவரும் குறை சொல்லாவிட்டால் ஒப்பந்தம் எழுதுகிறேன்” என்றார் அந்த அம்மா. மூன்று வாரம் மாதாவின் கிருபையால் நல்லபடி போனது. கடைசி வாரம் அண்ணை காய்ச்சலில் விழுந்தார். தொலைபேசியில்தான் எல்லாம் சொன்னார்.

“வாற ஆளின்ரை பேர் முல்லர். சந்தேகமே இல்லை, ஜேர்மன். கட்டில் ஒண்டு, போர்வை ரெண்டு. அவை புருசன் பெண்சாதியெண்டாலும் ஆளுக்கொரு போர்வைதான். ஏசியைப் போடாதையும், யன்னலைத் திறவும். ஐஸ் வைக்க வேண்டாம், வாயு போட்ட தண்ணி குடுத்தாக் காணும். சும்மா பல்லைக் காட்டாதையும், இவன் எதையோ மறைக்கிறான் எண்டு நினைப்பினம். குப்பை பிரிக்கிறதை விபரமாச் சொல்லும், அதிலை அவைக்கு நல்ல விருப்பம்.”

முல்லர் குடும்பம் நாற்பது நிமிடம் பிந்தி வந்தது. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பெரிய உடம்பும் பெரிய சிரிப்புமாக நான்கு பேர். “எப்படி இருக்கிறாய், எப்படி இருக்கிறாய்” என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு என் கையைக் குலுக்கினார்கள். நான் சிரிக்கவில்லை. சுவர் மணிக்கூட்டைக் காட்டினேன். பிறகு அவர்களை அடுக்களைக்குக் கூட்டிப்போய், கடதாசி, பிளாஸ்டிக், கண்ணாடி, மிச்சச் சாப்பாடு என்று இருபது நிமிடம் குப்பைப் பாடம் எடுத்தேன். அவர் ஐஸ் கேட்டார். வாயு போட்ட தண்ணீர் கொடுத்தேன். மறுபடி ஐஸ் கேட்டார். யன்னலைக் காட்டினேன். அந்த அம்மா படுக்கையறையைப் பார்த்தாள். இரண்டு போர்வை. தங்கள் சண்டையை யார் இவனுக்குச் சொன்னது என்பதுபோலப் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்ல என்னிடம், “நாங்கள் ஏதும் பிழை செய்துவிட்டோமா?” என்று கேட்டாள்.

மடு மாதாவே என்று குசினிக்குள் ஓடி அண்ணைக்குத் தொலைபேசி அடித்தேன்.

“ஐஸ் கேட்டவையோ?”

“ஓம் அண்ணை.”

“எத்தினை தரம்?”

“இப்ப மூண்டாந்தரமும் கேக்கினம்.”

“ஐயோ தம்பி. பேர்தான் ஜேர்மன். பாட்டன்காரன் எப்பவோ கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிருக்கிறார். நில்லும், வாறன்.”

ஆவணி வெயிலில் கம்பளித் தொப்பியும் போட்டு, ஒரு கையில் ஐஸ் வாளியோடு மூன்று மாடி ஏறி வந்தார். தெரிந்த ஆங்கிலத்தில், “இவன் நல்ல மனிதன். சிரிக்க வேண்டாம் என்று சொன்னது நான்” என்றார். முல்லர் வயிறு குலுங்கச் சிரித்தார். தன் பாட்டனாரும் ஒரு படத்திலும் சிரித்ததில்லையாம், இவனைப் பார்க்க அவரைப் பார்த்த மாதிரியே இருந்ததாம்.

அந்த அம்மா என்னிடம் வந்து, “இப்போது சொல், எப்படி இருக்கிறாய்?” என்றாள்.

“பதில் சொல்லாதையும்” என்று அண்ணை காதுக்குள் சொன்னார். “அமெரிக்கர் கேட்டுப்போட்டுப் போய்க்கொண்டிருப்பினம். ஜேர்மன்காரர்தான் நிண்டு கேக்கிறவை.”

அவள் போகவில்லை. நின்றாள். என் உடைந்த ஆங்கிலத்தில், செத்துப்போன சிஞ்ஞோரா, பெர்மெசோ, பிள்ளைகள், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த கிளாசில் ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. அண்ணை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய பெட்டி இரண்டும் அன்று கொஞ்சம் ஆட்டம் கண்டன.

மறுநாள் காலை, வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு ஒருவரும் குறை சொல்ல முன்னமே, அண்ணை காய்ச்சலோடு போய் ஒரு தாளை நீட்டினார். நடந்த பிழைகள் ஏழு. பெயரைப் பார்த்து ஆளை நினைத்தது நான். ஐஸ் வைக்க வேண்டாம் என்றது நான். சிரிக்காதே என்றது நான். ஏழும் அண்ணையின் ‘நான்’. இரண்டு போர்வைக்குப் படமும் கீறியிருந்தார். அடியில் என்னைப் பற்றி, இவனைப் போல ஒரு அருமையான வேலைக்காரன் பலேர்மோவிலேயே இல்லை என்று ஒரே புகழ்ச்சி. சிஞ்ஞோரா கண்ணில் நீர் வரச் சிரித்து, அந்த வாரமே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்.

அண்ணை இப்போது மகளோடு ஜேர்மனியில் இருக்கிறார். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் நாளெல்லாம் சிரித்துச் சிரித்துக் கதைக்கிற ஆளாம். “கள்ள ஜேர்மன், தம்பி” என்கிறார். ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு அழைப்பார். “எப்பிடி இருக்கிறீர்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருப்பார். நான் மூன்றுக்குப் பத்து நிமிடம் முன்னமே தொலைபேசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இருப்பேன். நானாக அழைப்பதில்லை. அவருடைய நேரத்தைத் தொடக்கூடாது.