மில்லிமீட்டர் அக்காவும் என் வலது தோளும்

ராஜகிரி மலைமேல் கோட்டை கட்டியவர்கள்கூட மில்லிமீட்டர் அக்கா எடுத்த அளவுக்கு அளவு எடுத்திருக்க மாட்டார்கள். எடுத்திருந்தால் வேலை அஸ்திவாரத்தோடு நின்றிருக்கும். செஞ்சிக்கு ஒரு டூரிஸ்ட் பஸ்கூட வந்திருக்காது.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும், நாங்கள் யாரும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் நடத்திவந்த ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில், ஒரு தையல் மெஷினோடும் ஒரு லேப்டாப்போடும் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பேச்சுக்குத்தான். அந்த மனுஷி ஒரு இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மெஷின் ஓட்டும்போதே பாதி எழுந்துகொண்டிருப்பார். சென்னைப் பக்கம் ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டரில் சட்டை வரைகிற வேலை பார்த்தவர். உடம்பின் அளவுகளைக் கொடுத்தால், எந்தத் துண்டு எந்த வளைவில் வர வேண்டும் என்று அந்த சாஃப்ட்வேர் கோடு போட்டுக் காட்டும். அதைப் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, துணிமேல் வைத்து வெட்டுவார்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். டெய்லரிடம் போகிற பெண் பழைய அளவு ஜாக்கெட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போவாள். "இதே மாதிரி தைங்க, உள்ள ரெண்டு தையல் விட்டுடுங்க" என்றால் வேலை முடிந்தது. அந்த அளவு ஜாக்கெட்டே கோணலாக இருந்தால், கோணல் ஆயுசுக்கும் கூட வரும். மில்லிமீட்டர் அக்கா அளவு ஜாக்கெட்டைத் தொடவே மாட்டார்.

சிங்கவரத்திலிருந்து ஒரு அம்மா வந்து பையை நீட்டினார்.

"இது யாருது?" என்றார் அக்கா.

"எங்க நாத்தனாருது. எனக்கும் சரியா இருக்கும்."

"அப்ப நாத்தனாரை வரச் சொல்லுங்க, தைச்சுத் தரேன். உங்களுக்குன்னா நீங்க வந்து நில்லுங்க."

அந்த அம்மா நின்றார். முப்பத்துநாலு இடத்தில் டேப் ஓடியது. "மூச்ச இழுங்க. விடுங்க. சாப்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"சாப்டுட்டு வாங்க. இன்னொரு தபா எடுக்கணும்."

டீக்கடையில் ரெண்டு போண்டா தின்றுவிட்டு அந்த அம்மா திரும்பி வந்து நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்ட அன்று, பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் இடுப்பை விட்டு ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. அடுத்த வாரம் நாத்தனாரும் வந்தார்.

கடையில் ஆள் இல்லாவிட்டால் அக்காவுக்கு இருப்புக்கொள்ளாது. ஒருநாள் நானும் அவரும் வல்லத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். முன் சீட்டுப் பெண்ணின் முதுகைத் தட்டி, "இந்தத் தையல் ஒரு இன்ச் தள்ளி இருக்குதுங்க" என்றார். அவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம், "கையத் தூக்கினா சட்டை வெளிய வந்துடுது பாருங்க. உங்க மேல தப்பு இல்ல, அக்குள் வெட்டு தப்பு" என்றார். பஸ்ஸே சிரித்தது. அதற்கப்புறம் ரொம்ப நாள், அக்கா கை காட்டினால் அந்தக் கண்டக்டர் விசில் கொடுத்து பஸ்ஸைக் கிளப்பிவிடுவார்.

பிரிண்ட் எடுக்க அவர் என் கடைக்குத்தான் வருவார். ஒரு ஜாக்கெட்டுக்குப் பதினாறு தாள். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, செல்லோ டேப் போட்டு ஒட்டுவார். ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் யாரோ ஒருவருடைய முதுகைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். முதல் தாளின் மூலையில் அஞ்சு சென்டிமீட்டரில் ஒரு பெட்டி இருக்கும். பிரிண்டர் சுருக்கிவிட்டதா என்று கண்டுபிடிக்க அந்தப் பெட்டியை ஸ்கேல் வைத்து அளப்பார். "நாலு புள்ளி ஒம்போது. தூக்கிப் போடு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதைவிட எரிச்சல், எல்லாருக்கும் இடது பக்கம் தனி, வலது பக்கம் தனி என்று ரெண்டையும் பிரிண்ட் எடுப்பது.

"பாதி போதாதாக்கா? மத்த டெய்லருங்க துணிய மடிச்சு ஒரே வெட்டா வெட்டுறாங்க. ரெண்டு பக்கமும் வந்துடுது."

"வரும் வரும். நீ பிரிண்ட் குடு."

பேப்பரைத் தின்கிற பைத்தியம் என்று முடிவு செய்துகொண்டேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிறந்ததிலிருந்தே எனக்கு வலது தோள் இறக்கம். போட்டோ என்றால் ஒருக்களித்துத்தான் நிற்பேன். பொண்ணு பார்க்க வந்த அன்றும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "மாலையில மறைஞ்சுடும், சும்மா இரு" என்றார் அம்மா. ரிசப்ஷனில் மாலையைக் கழற்றிவிட்டு ஊருக்கு முன்னால் மேடையில் நிற்க வேண்டுமே.

அக்கா எனக்கு அளவெடுத்தார். ரகசியம் பேச அவருக்குத் தெரியாது. "வலது தோள் ஒன்றரை சென்டி இறக்கம்" என்று டீக்கடைக்கே கேட்கச் சொன்னார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

மேல்சித்தாமூரில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போன இடத்திலிருந்து எனக்கு போன் செய்தார். "உன் ஃபைல அனுப்பிட்டேன். பிரிண்ட் எடுத்து ஒட்டி வை. வந்ததும் வெட்டிடறேன்."

திறந்தேன். இடது தோள் நேராக இருந்தது. வலது தோள் சரிந்து, கறுப்புக் கோட்டில், மறைக்க முந்தானைகூட இல்லாமல் கிடந்தது. இத்தனை வருஷம் நான் ஒளித்துவைத்தது ஸ்க்ரீனில் பெரிதாக நின்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இடது பக்கத்தையே இன்னொரு தடவை திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்து, அதில் 'வலது' என்று பேனாவால் எழுதி ஒட்டினேன். ஜாக்கெட் நேராக இருந்தால் ஆளும் நேராகத் தெரிவாள் என்பது என் கணக்கு. வந்த அவசரத்தில் அக்கா பெட்டியை மட்டும் அளந்தார். அஞ்சு இருந்தது. வெட்டிவிட்டார்.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் துணி தொளதொளவென்று நின்றது. கழுத்திலிருந்து அக்குள் வரைக்கும் சாய்வாக மடிப்பு விழுந்தது. தெரியாதவர்களுக்கும் இனி தெரிந்துவிடும். அது பட்டுப்புடவையோடு வந்த துணி, வேறு துணியும் கிடையாது.

அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவே இல்லை. டேப் கையில் அப்படியே கிடந்தது.

"நான்தான் தப்பா அளந்துட்டேன்" என்றார். "இன்னா ஆச்சுன்னே தெரியல. உன் கல்யாணத்துக்குப் போயி இப்படிப் பண்ணிட்டேனே."

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அக்கா, நான்தான். வலது பக்கத்த நான் பிரிண்ட் எடுக்கல. இடதையே ரெண்டு தபா எடுத்தேன்."

திட்டுவார் என்று நின்றேன். எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய பேப்பர் கட்டுகளை இழுத்துத் தரையில் போட்டார். ஒவ்வொன்றிலும் இடதின்மேல் வலதைத் திருப்பி வைத்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"இது சிங்கவரம் அம்மா. பொருந்துதா? இது டீக்கடைக்காரர் சம்சாரம். இது உங்கம்மா, பாரு, இடது எவ்ளோ இறக்கம். இது நானு."

ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அக்காவுடையது என்னுடையதைவிட மோசம்.

"மடிச்சு வெட்டினா ரெண்டு பக்கமும் ஒண்ணா வரும். ஆளுங்க அப்படி வர்றதில்லையே. இதுக்குத்தான் உன்கிட்ட அத்தினி பேப்பர் கேட்டேன்." உடனே பழைய வேகம் வந்துவிட்டது. "துணி அதிகமாத்தான் இருக்குது. தோள இறக்கி அக்குளையும் இறக்கினா சரியாயிடும். கம்மியா இருந்தாத்தான் தலைவலி. கழட்டு சீக்கிரம்."

ரிசப்ஷனில் முந்தானையைப் போர்த்தாமல் நின்றேன். வரிசையில் வந்த அக்கா வாழ்த்தவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார். "கையத் தூக்கு" என்றார்.

"நவுருங்கக்கா, போட்டோ எடுக்கணும்" என்றார் போட்டோகிராபர். அக்கா நகரவில்லை. மேடையில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், ரெண்டு கையையும் மேலே தூக்கினேன்.

"இன்னா ஆச்சு?" என்றார் மாப்பிள்ளை.

"ஒண்ணும் இல்ல, செக் பண்றாங்க."

"சரியா இருக்குது" என்றார் அக்கா. மாப்பிள்ளையிடம் திரும்பி, "உங்க கோட்டுலதான் அக்குள் தப்பு. ஒருநாள் கடைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, பந்திக்குக் கிளம்பிவிட்டார்.

எங்கள் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான் இருக்கிறது. கேமராவை நேருக்கு நேர் பார்த்து, கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். முப்பத்துநாலு இடத்தில் என்னை அளந்த ஒரே ஆள் மில்லிமீட்டர் அக்கா. ஒரு இடத்திலும் அவர் குறை என்று எழுதவில்லை.