தையா, புரட்டாதியா?

மவுண்ட் ரோஸ்கில் மகேசனுக்கு வயது ஐம்பத்திரண்டு. முழங்கால் இரண்டும் பென்சன் கேட்கத் தொடங்கிவிட்டன. ஆனாலும் கிரிக்கெட்டில் முதல் ஆளாக மட்டையோடு இறங்குகிற மனுசன் ஆரைக் கண்டாலும் முதலில் சொல்வது, "நான் ஓப்பனர், தெரியும்தானே?"

ஆக்லாந்தில் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் வருசாவருசம் கிரிக்கெட் ஆடுவார்கள். இந்த வருசம் வந்தது வினை. பெரிய கல்லூரிகள் எல்லாம் கழன்றுபோய், ஏ பிரிவு என்று தனி லீக் தொடங்கிவிட்டன. நல்ல மைதானம், வெள்ளை உடுப்பு, மத்தியானம் கொத்துரொட்டி. மகேசனின் வடலியடி மகாவித்தியாலயம் பி பிரிவில் விடப்பட்டது. அங்கே மைதானத்தில் நாயோடு உலாவ வருகிறவர்களுக்குத்தான் முன்னுரிமை.

மகேசன் பள்ளிக்கூடம் மாறுவதென்று முடிவெடுத்தார். கடைசி வருசம் அவர் படித்தது கொன்றையடிக் கல்லூரியில். கொன்றையடி இப்போது ஏ பிரிவு. ஆனால் ஒரு முழு வருசம் படித்தவனுக்குத்தான் இடம். வருசத் தொடக்கத்தில், தை மாதமே சேர்ந்ததற்கு அந்தக் காலத்தில் அங்கே படித்த ஆள் ஒருவர் சாட்சி சொல்லவேண்டும். அப்படிப்பட்ட ஆள் ஆக்லாந்தில் ஒன்றே ஒன்று. அது குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றது. மனைவி கிருசாந்தி.

"இஞ்சரப்பா, நான் தையிலதான் கொன்றையடிக்கு வந்தனான் எண்டு கப்டன் தியாகலிங்கத்துக்கு ஒருக்காச் சொல்லும்."

"தையிலயோ? புரட்டாதியில எண்டெல்லோ கலியாணம் கட்டின நாள் தொட்டுச் சொல்லுறீங்கள்."

"அது மறதி."

"இருபத்தைஞ்சு வருசமாவோ?"

"இப்பதான் ஞாபகம் வந்தது. பொங்கல் முடிஞ்ச அடுத்த கிழமை. புதுச் சப்பாத்து வேற."

கிருசாந்தி கத்தியைக் கீழே வைத்தா.

"வடிவா யோசியுங்கோ. பேந்து மாத்தக்கூடாது."

"பிள்ளையாராணை, தைதான்."

"ஆர் கேட்டாலும்?"

"ஆர் கேட்டாலும் தைதான்."

இவ்வளவு லேசாக மசிந்துவிட்டாவே என்ற சந்தோசத்தில் மகேசன் கேட்காமலே கோப்பை கழுவப் போனார். கிருசாந்தி போனை ஸ்பீக்கரில் போட்டா.

"ஓம் தம்பி, தையிலதான் வந்தவர். இப்பதான் பிள்ளையாரில சத்தியம் பண்ணினவர்."

"அப்ப சரி அக்கா, அண்ணையைச் சேர்க்கிறன்."

"இன்னும் ஒண்டு தம்பி. அந்த வருசம் மாசியில நடந்த பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில ஓட்டத்தில முதலாவது நான். இரண்டாவது சுகந்தினி. எனக்கு ஒரு வாய் தண்ணி தர ஆளில்லை. சுகந்தினிக்கு மட்டும் ஒருத்தர் சோடா உடைச்சுக்கொண்டு ஓடினவர்."

மகேசனின் கையிலிருந்த கோப்பை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அந்த ஒருத்தர் ஆர் என்று கிருசாந்தி கேட்ட நேரமெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: நான் புரட்டாதியிலதானே வந்தனான், அது நானில்லை.

"மாசியில நீங்கள் எங்கையப்பா நிண்டனீங்கள்?" கிருசாந்தி வெகு அமைதியாகக் கேட்டா.

ஏ பிரிவா, பி பிரிவா என்று அலைந்த மனுசனுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு பிரிவு வந்துவிடும் போலிருந்தது. "அவ களைச்சுப்போய் நிண்டவ..." என்று தொடங்கினார்.

"ஓடி வென்ற எனக்குக் களைக்கேல்லையோ?" என்றுவிட்டு, போனோடு அறைக்குள் போய்க் கனநேரம் கதைத்தா.

சனிக்கிழமை வெள்ளை உடுப்பும் முழங்கால் பட்டியுமாக மகேசன் மைதானத்தில் இறங்கினார். தியாகலிங்கம் கைகொடுத்தார்.

"அண்ணை ஓப்பனர்தானே?"

"பின்ன?"

"அக்காவும் அதைத்தான் சொன்னவ" என்று, சோடாப் பெட்டியைக் காட்டி, போத்தல் திறக்கிற ஓப்பனரை மகேசனின் கையில் வைத்தார்.